ஐப்பசியில் முப்பது சென்ட்

இலையுதிர்காலம் பார்க்க உலகம் முழுவதிலுமிருந்து ஆட்கள் ஸ்காட்லாந்துக்கு வருகிறார்கள். நான் சரியாக அந்த நேரம் பார்த்து அங்கிருந்து கிளம்பி மதுரைக்கு வந்தேன். கிளம்புகிற அன்று கிளாஸ்கோவில் பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா வாசலில் குவிந்த இலைகளைக் கூட்டிக்கொண்டே, "உங்கள் ஊரில் இந்தக் காலம் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். கொஞ்சம் யோசித்தேன். "எங்கள் ஊரில் இதற்குப் பேர் ஐப்பசி. இலை எதுவும் உதிராது. வெயில்தான் கொஞ்சம் உதிரும்" என்றேன். அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வந்த காரியம் சின்னது. முப்பது வருடத்துக்கு முன்னால் வாங்கிய பட்டச் சான்றிதழை வீடு மாறும்போது தொலைத்துவிட்டேன். நகல் வாங்க நேரில் வரவேண்டும் என்றார்கள். உண்மையைச் சொன்னால் அது ஒரு சாக்கு. கல்லூரியில் ஒரே பெஞ்சில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்த செல்வியையும் கஸ்தூரியையும் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. ஐம்பத்து மூன்று வயதில் 'தோழிகளைப் பார்க்கப் போகிறேன்' என்று அலுவலகத்தில் விடுப்பு எழுதினால் சிரிப்பார்கள். சான்றிதழ் என்றால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் வந்து இறங்கியதும் பழைய நினைப்பில் டவுன் பஸ்ஸில் ஏறினேன். அந்நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கிளாஸ்கோ மழை ஒழுகுகிற குழாய் மாதிரி. நாள் முழுக்கச் சொட்டும், யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார்கள். மதுரை மழைக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. ஜன்னல் ஷட்டரை இறக்கப் பார்த்தேன், பாதியில் சிக்கி நின்றுவிட்டது. மேலே கூரையிலும் ஓட்டை. என் பக்கத்து சீட்டுக்காரர் நிதானமாகப் பைக்குள் கைவிட்டு, குடையை எடுத்து, பஸ்ஸுக்குள்ளேயே விரித்துவிட்டார்.

"அண்ணே, கொடைக்கும் ஒரு டிக்கெட் எடுத்துருங்க, அதுவும் ஒரு சீட்ட மறைக்குதுல்ல" என்றார் கண்டக்டர்.

"ஒங்க கூரைக்கு நான்தான்யா டிக்கெட் குடுக்கணும், குளிக்க வச்சதுக்கு" என்றார் குடைக்காரர். பஸ்ஸே சிரித்தது. நானும் அந்தக் குடைக்குள் பாதி ஒண்டிக்கொண்டுதான் வில்லாபுரம் வந்து சேர்ந்தேன்.

நிறுத்தத்தில் செல்வி நின்றாள். "என்னாடி இது, இம்புட்டு வெளுத்துப்போய் வந்திருக்க? அங்க வெயிலே கெடையாதா?" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அவள் நன்றாகக் கறுத்திருந்தாள். வங்கியில் கிளை மேலாளராக ஏசி அறையில் இருந்தவள், இத்தனை கறுப்பு எப்படி வந்தது என்று கேட்டேன். "வயல்" என்றாள். சொல்லும்போதே முகமெல்லாம் பல்.

விஷயம் இதுதான். செல்வி விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, கீழக்குயில்குடியில் சமணர் மலைக்குப் பக்கத்தில் முப்பது சென்ட் நஞ்சை வாங்கியிருக்கிறாள். அவளுடைய அம்மா ஆயுள் முழுக்க அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர். அவர்கள் வீட்டில் முந்தைய தலைமுறை எதிலும் யார் பேரிலும் ஒரு பிடி மண் இருந்ததில்லை. இப்போது செல்வி பேரில் பட்டா. கண்மாயில் தண்ணீர் வந்துவிட்டது, சனிக்கிழமை முதல் நடவு. அவள் கணவருக்குக் கப்பலூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை. நல்ல மனிதர், ஆனால் எதற்கும் ஒரு நிபந்தனை வைப்பார். "இந்த ஒரு போகம் நட்டு எடுத்துக் காட்டு. முடியலேன்னா பேசாம குத்தகைக்கு விட்டுருவோம்" என்று சொல்லிவிட்டாராம். செல்வியும் சரி என்று ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை என்று அவளே சொன்னாள்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் அலுவலகத்தில் மனுவை வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வரச்சொன்னார்கள். எனக்கு சந்தோஷம்தான். திரும்பும் வழியில் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தேன். சுக்கு தொண்டையில் இறங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. "வெளியூரா?" என்றார் வண்டிக்காரர். "இந்த ஊர்தான்" என்றேன். "அப்ப ஏன் அழுகுறீக?" என்று கேட்டுவிட்டு, கேட்காமலே இன்னொரு அரை டம்ளர் ஊற்றினார். கிளாஸ்கோவில் எந்தக் கடையிலும் என்னிடம் யாரும் ஏன் அழுகிறாய் என்று கேட்டதில்லை.

அன்று சாயங்காலம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

செல்வி வயலில் இருந்தாள், அவள் வீட்டில் நான் மட்டும். நாற்று பறிக்கிற ஆட்கள் பறித்த நாற்றைச் சின்னச் சின்னக் கட்டுகளாக முடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து போன் செய்தாள். பின்னால் ஒரே சத்தம். "ஒரு பொம்பள வருவாங்க. அலமாரி மேல வெத்தல பாக்குத் தட்டு இருக்கு. அதக் குடுத்துரு, மறந்துறாத." அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

அரை மணி நேரத்தில் சிவப்புப் பட்டுச் சேலையில் ஒரு பெண் வந்தார். அடுத்த தெருவாம். மகளுக்கு வளைகாப்பு, பத்திரிகை வைக்க வந்திருந்தார். வெளிநாட்டிலேயே கிடந்தவள், பழக்கவழக்கம் மறந்துவிட்டாள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. உட்காரவைத்தேன், குங்குமம் கொடுத்தேன், இரண்டு கையாலும் தட்டை நீட்டினேன். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழம். அந்த அம்மா பூரித்துப்போய் எல்லாவற்றையும் முந்தானையில் வாங்கிக்கொண்டார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் இன்னொரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், நூல் சேலை, கையில் டிபன் கூடை. "செல்வியக்கா இல்லையா?" என்றார். யாரோ அக்கம்பக்கத்தவர் என்று நினைத்துக் காபி கொடுத்தேன். மெதுவாகக் குடித்தார். அலமாரிப் பக்கம் ஒரு பார்வை, என் முகத்தை ஒரு பார்வை. மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினோம். "சரி தாயி, வாரேன்" என்று எழுந்து போய்விட்டார்.

செல்வி வந்ததும் "வந்தாங்களா? குடுத்தியா?" என்றாள். "வந்தாங்க, குடுத்துட்டேன்" என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் கஸ்தூரி காரோடு வந்தாள். அவள் சௌராஷ்டிர வீட்டுப் பெண், பள்ளியில் கணக்கு டீச்சர், எதிலும் கோணல் இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. பின்சீட்டில் தூக்குச்சட்டிகள் வரிசையாக இருந்தன. "நடவப் பாத்துட்டு அப்பிடியே மர நெழல்ல ஒக்காந்து சாப்பிடுறோம். ஒரு வேலையும் செய்யக்கூடாது" என்று திட்டத்தை அறிவித்தாள். கார் கண்மாய்க்கரை திருப்பத்தில் சேற்றில் இறங்கிவிட்டது. ஆட்டுக்காரர்கள் இரண்டு பேர் தள்ளிவிட்டார்கள். ஆடுகள் நின்று வேடிக்கை பார்த்தன.

மழை முடிந்த காலையில் அந்த இடம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. மலை முழுக்க நனைந்து கறுத்திருந்தது. பாறை மடிப்புகளில் தண்ணீர் இன்னும் வழிந்துகொண்டிருந்தது. எங்கேயோ மயில் கத்தியது, பதிலுக்கு இன்னொன்று. தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறந்தன. வயல் உழுது, சேறாகிக் குழைந்து, தண்ணீர் கட்டி, அதில் மேகம் தெரிந்தது. வரப்போரம் நாற்று முடிகள் பச்சையாகக் குவிந்திருந்தன. எல்லாம் இருந்தது. நடுகிற பெண்களைத்தான் காணோம்.

ஏழு மணி, ஏழரை. செல்வி நடவுக் குழுவை நடத்துகிற பேச்சிக்குப் போன் செய்தாள். நாலாவது தடவைதான் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாங்க தெக்குத்தெரு வயல்ல நிக்கிறோம்க்கா."

"என்ன பேச்சி, இன்னைக்கு எனக்குத்தான சொன்ன?"

"சொன்னேன். நேத்து வந்தேன்ல? காபி குடுத்தாக, குடிச்சேன். வெத்தல பாக்கு வரல. கேட்டா வாங்குவாங்க அத? சரி, அக்கா வேற ஆளுக்குச் சொல்லிருச்சு போலன்னு வந்துட்டேன். வர்ற வழியிலயே இவுக கூப்பிட்டு வெத்தல குடுத்துட்டாக."

அங்கே முறை அப்படி. நடவுக்கு ஆள் பேசினால் முந்தின நாள் குழுத் தலைவியின் கையில் வெற்றிலை பாக்கு கொடுக்கவேண்டும். கொடுத்தால் இடி விழுந்தாலும் வந்து நடுவார்கள். கொடுக்காவிட்டால் பேசியதெல்லாம் பேச்சோடு சரி.

செல்வி என் பக்கம் திரும்பினாள். "நேத்து தட்டக் குடுத்தியா இல்லையா?"

"குடுத்தேன்."

"யாருக்குடி?"

"வளைகாப்புக்குப் பத்திரிகை வச்சாங்களே... சிவப்புச் சேலை..."

கஸ்தூரி வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். செல்வி சிரிக்கவில்லை. அதைப் பார்த்துக் கஸ்தூரியும் நிறுத்தினாள்.

"முடிச்சுட்டு வாங்க பேச்சி, எம்புட்டு நேரமானாலும் சரி" என்றாள் செல்வி போனில்.

"மதியத்துக்குள்ள முடிஞ்சா வாரேன். ஆளுகளக் கேக்கணும், குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போயிரும். உறுதி சொல்ல மாட்டேன்க்கா." நாளையிலிருந்து அவர்களுக்கு வரிசையாக வேறு வயல்கள், தீபாவளி வரைக்கும் ஆள் கிடைக்காது. பறித்த நாற்று அத்தனை நாள் தாங்காது. வயலும் இறுகிப்போகும். இதெல்லாம் எனக்குச் செல்வியின் முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. வெட்கத்தில் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறாயிரம் மைல் பறந்து வந்து, தோழியின் முதல் நடவை இரண்டு வாழைப்பழத்தோடு சேர்த்து யாருக்கோ கொடுத்திருக்கிறேன்.

"நாமளே நடுவோம்" என்றாள் கஸ்தூரி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். "செல்விக்குத் தெரியும்ல. அவ சொல்லட்டும், நாம செய்வோம்."

"எனக்குத் தெரியாது" என்றாள் செல்வி.

நாங்கள் நம்பவில்லை.

"சத்தியமாத் தெரியாதுடி. எங்கம்மா என்னைய ஒரு நாளும் வயல்ல எறங்க விட்டதில்ல. சோத்துவாளியக் கொண்டு போனாக்கூட வரப்புலயே நின்னு குடுக்கணும். கால்ல சேறு பட்டுச்சுன்னா அடி விழும். 'நீ படிக்கிற புள்ள, மேலயே நில்லு'ன்னு சொல்லும். இந்த வயலு வாங்கி ஆறு மாசமாச்சு. நான் இன்னும் வரப்புலதான் நிக்கிறேன்."

பிறகு செல்வி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் காலை இறக்கினாள். முழங்கால் வரை போய்விட்டது. "ஐயோ, கதகதன்னு இருக்குடி!" என்று கத்தினாள். மேலே தண்ணீர் ஜில்லென்று இருந்தது, கீழே சேறு வெதுவெதுப்பாக இருந்தது. நானும் இறங்கினேன். விரல் இடுக்கில் சேறு பிதுங்கி வந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்படி ஒரு சுகத்தைக் கிளாஸ்கோவில் பத்தொன்பது வருடமாக எந்தக் கம்பளத்திலும் நான் கண்டதில்லை.

கஸ்தூரி காரிலிருந்து சணல் கயிற்றை எடுத்து வந்து இரண்டு குச்சியில் கட்டினாள். "ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் ஒரு ஜாண், எல்லாம் இணைகோடுகள்" என்றாள். முதல் வரிசை நேராகத்தான் போனது. இரண்டாவது வரிசையில் நான் குச்சியை மிதித்துவிட்டேன். மூன்றாவதில் செல்வி வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு இணைகோடுகளைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆழமாக ஊன்றிய நாற்று தலை தெரியாமல் மூழ்கியது. மேலோட்டமாக ஊன்றியது மிதந்து வந்து என் கணுக்காலைத் தொட்டது. ஒரு நண்டு எங்களைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போனது. கொக்குகள் மட்டும் எங்களை நிஜமான ஆட்கள் என்று நம்பிப் பின்னாலேயே நடந்தன.

நடுவில் கஸ்தூரிக்கு வீட்டிலிருந்து போன் வந்தது. அவர்கள் பாஷையில் பேசினாள். இத்தனை வருடத்தில் எங்களுக்குப் பிடிபட்டது சாப்பாடு சம்பந்தப்பட்ட நாலைந்து வார்த்தைதான். போனை வைத்ததும், கணவரிடம் சொன்னதை எங்களுக்குத் தமிழில் சொன்னாள்: "சேத்துக்குள்ள நிக்கிறேன், சோத்த நீங்களே வடிச்சுக்கோங்கன்னேன். எந்தச் சேறுன்னு கேக்குறாரு. சேத்துல என்ன எந்தச் சேறு!"

பன்னிரண்டரைக்கு வரப்பில் ஏறினோம். இடுப்பு எங்களுடையதாகவே இல்லை. முப்பது சென்ட்டில் ஒரு மூலைதான் பச்சையாகியிருந்தது. புங்கமரத்தடியில் தூக்குச்சட்டிகளைத் திறந்தோம். எண்ணெய் மினுங்குகிற புளியோதரை, முள்ளுமுருங்கை இலை அரைத்துப்போட்ட வடை, தயிர்சாதம், மாவடு. கையைக் கழுவியும் நகக்கண்ணில் சேறு போகவில்லை, அதோடே சாப்பிட்டோம். கல்லூரியில் கஸ்தூரியின் டப்பாவை எப்படிச் சண்டை போட்டுப் பிடுங்குவோமோ அதேபோலக் கடைசி வடைக்குச் சண்டை போட்டோம். செல்வி ஜெயித்தாள். ஆனாலும் வாயில் வைத்துக்கொண்டு நாற்றுக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வரலேன்னா குத்தகைதான். சொன்ன சொல்லு" என்றாள். வடை அவளுக்கு இறங்கவில்லை என்று தெரிந்தது.

"என்னைய ரெண்டு திட்டுத் திட்டிரு" என்றேன்.

"திட்டுறதுக்குத் தெம்பில்ல. நடவு முடியட்டும், நின்னு நிதானமாத் திட்டுறேன்."

ஒன்றரை மணிக்குக் கண்மாய்க்கரையில் பேச்சுக்குரல் கேட்டது. வண்ண வண்ணச் சட்டைகளைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஏழு பெண்கள் வரிசையாக வந்தார்கள். முன்னால் பேச்சி. செல்வி எழுந்தே நின்றுவிட்டாள்.

"நான்தாங்க்கா தப்புப் பண்ணது" என்று ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் என்னைவிடச் சின்னவர். அந்த நேரத்தில் அக்கா என்றுதான் வாயில் வந்தது.

"நான் நேத்து ஒங்க மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன் தாயி. காபியத் தவிர ஒண்ணையும் காணோம்" என்று சிரித்தார் பேச்சி. பிறகு எங்கள் மூலையைப் பார்த்தார். கூட வந்தவர்களும் பார்த்தார்கள். "இந்த நாத்துக்கும் அந்த நாத்துக்கும் ஊடால டவுன் பஸ்ஸே போகும் போல" என்றார் ஒருவர். "இங்க பாரு, இங்க நாலு நாத்து ஒண்ணாக் கூடிப் பொரணி பேசுது" என்றார் இன்னொருவர்.

அவர்கள் இறங்கியதும் வயலின் நிறமே மாறத் தொடங்கியது. குனிந்தவர்கள் நிமிரவில்லை. பின்னாலேயே நகர்ந்தார்கள், முன்னால் பச்சை விரிந்துகொண்டே வந்தது. யாரிடமும் கயிறு இல்லை. கஸ்தூரி வரிசைகளைக் கண்ணாலேயே அளந்துவிட்டு, "எல்லாம் இணைகோடு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு தன் கயிற்றைச் சுருட்டி வைத்தாள். நாங்கள் மூவரும் வரப்பில் உட்காரவில்லை. வரிசைக் கடைசியில் சேர்ந்து நின்றோம். அவர்கள் பத்து நட்டால் நாங்கள் இரண்டு நட்டோம். பக்கத்தில் நட்ட பெண் தன் மருமகளைப் பற்றி ஒரு கதை சொன்னார். நடவு தப்பினாலும் கதை தப்பக்கூடாது என்று நான் காதைக் கொடுத்துக்கொண்டே நட்டேன்.

நாலரை மணிக்கு வெயில் மேகத்துக்குள்ளிருந்து வந்து மலைமேல் விழுந்தது. இன்னும் நாலைந்து வரிசைதான் பாக்கி. முடிந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேச்சி எங்கள் மூலைக்குப் போய், "இதப் பிடுங்கிட்டு ஒழுங்கா நட்டுத் தரவாக்கா?" என்று கேட்டார். செல்வி கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். "இருக்கட்டும் பேச்சி" என்றாள். "வெளையிறது வெளையட்டும்."

அப்போது கண்மாய்க்கரையில் புல்லுக்கட்டோடு ஒரு பெரியவர் மொபெட்டில் வந்தார். வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு எங்கள் மூலையையே பார்த்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நடவா இது? அந்த மூலையப் பாருங்க, ஆடு மேஞ்ச மாதிரி இருக்கு. வயக்காரரு பாத்தாருன்னா என்னா சொல்லுவாரு?"

பேச்சி வாயைத் திறந்தார். அதற்குள் செல்வி நிமிர்ந்தாள்.

"வயக்காரி பாத்துக்கிட்டுத்தாண்ணே நிக்கிறா. ஒண்ணும் சொல்லல."

அவர் எங்கள் பத்துப் பேரையும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தேடினார். எல்லா முகத்திலும் ஒரே சேறு. செல்வி நாற்றுப் பிடித்திருந்த கையை உயரத் தூக்கிக் காட்டினாள்.